ஜோன்ஸுக்கு எதற்கு இந்தக் கண்ணீர்?

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலைப் பற்றிய கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அந்தக் காணொளிதான் ஓடுகிறது. "பன்றிகளுக்கு ஜோன்ஸ் எவ்வளவோ மேல். பாவம், அந்த மனிதரைத் துரத்தாமல் இருந்திருந்தால் பண்ணை நிம்மதியாக இருந்திருக்கும்." உடனே கைதட்டல். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கேள்வி கேட்கக் கையைத் தூக்கினேன். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். கைதட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

'விலங்குப் பண்ணை' 1945-இல் வெளிவந்த நாவல். பண்ணை முதலாளி ஜோன்ஸைப் பிராணிகள் துரத்திவிடுகின்றன, பிறகு நெப்போலியன் என்ற பன்றியின் தலைமையில் பன்றிகள் ஆட்சியைப் பிடித்து மற்ற பிராணிகளை வதைக்கின்றன. மெல்லிய புத்தகம், ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். அது எப்படித் தொடங்குகிறது என்று கைதட்டியவர்களுக்கு நினைவிருக்கிறதா? இரவு. ஜோன்ஸ் கோழிக்கூடுகளைப் பூட்டுகிறான். ஆனால் கோழிகள் நுழையும் சின்னத் திறப்புகளை மூட மறந்துவிடுகிறான், அவ்வளவு போதை. கையிலிருக்கும் லாந்தர் வெளிச்சம் அங்கும் இங்கும் ஆட, தள்ளாடிக்கொண்டே வீட்டுக்குள் போகிறான். பூட்ஸை உதறுகிறான், பீப்பாயிலிருந்து கடைசியாக ஒரு கிளாஸ் பீர் பிடித்துக் குடிக்கிறான், படுத்துவிடுகிறான். இராத்திரி நரி வந்தால் கோழிகள் என்ன ஆகும்? அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. ஆர்வெல் இந்த மனிதனை நமக்கு அறிமுகப்படுத்தும் விதமே இதுதான்.

பிறகு அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை. ஜோன்ஸ் வில்லிங்டன் ஊருக்குப் போய் ரெட் லயன் மதுக்கடையில் குடித்துவிட்டு மறுநாள் நண்பகலில்தான் திரும்புகிறான். வேலையாட்கள் காலையில் பாலைக் கறந்துகொண்டு முயல் வேட்டைக்குப் போய்விட்டார்கள். ஒரு பிராணிக்கும் தீவனம் வைக்கவில்லை. ஜோன்ஸ் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்குகிறான். சாயங்காலம் பசி பொறுக்காமல் ஒரு பசு தீவனக் கொட்டகையின் கதவைக் கொம்பால் முட்டி உடைக்கிறது. எல்லாம் உள்ளே நுழைந்து தின்கின்றன. ஜோன்ஸும் நான்கு ஆட்களும் சாட்டையோடு வந்து கண்மண் தெரியாமல் அடிக்கிறார்கள். கிளர்ச்சி அங்கேதான் வெடிக்கிறது. கிளர்ச்சி செய்யச் சொன்ன கிழப் பன்றி மேஜரின் பேச்சு நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அன்று மாலை யாரும் எந்தத் திட்டமும் போடவில்லை. பசித்த வயிற்றின் மேல் சாட்டை விழுந்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகும் "பாவம்" என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

நெப்போலியன் கொடியவன். யார் இல்லை என்றது? ஆனால் அவன் கொடியவன் என்பதால் ஜோன்ஸ் நல்லவன் ஆகிவிட மாட்டான். ஜோன்ஸைத் துரத்தியதும் அன்று மாலையே அந்தப் பிராணிகள் என்ன செய்தன? மூக்கு வளையங்களையும் நாய்ச் சங்கிலிகளையும், பன்றிக்குட்டிகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் காயடிக்கிற கத்திகளையும் கிணற்றில் வீசின. சாட்டைகளைத் தீயில் போட்டன. அவை எரிவதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தன. கடைசி அத்தியாயத்தில் பன்றிகள் இரண்டு காலில் நடந்து வருகின்றன, கையில் சாட்டை. நெப்போலியன் ஜோன்ஸின் கோட்டை மாட்டிக்கொள்கிறான். பண்ணைக்கு ஜோன்ஸ் காலத்துப் பெயரையே திரும்பச் சூட்டுகிறான். அவன் ஜோன்ஸ் ஆகிவிட்டான் என்பதுதானே அவன் மேல் நமக்குள்ள கோபம்? அப்படியிருக்க, அசல் ஜோன்ஸுக்கு மாலை போடுவது என்ன நியாயம்?

குதிரை பாக்ஸருக்காக அழாதவர் இல்லை. நானும் அழுதேன். உன் உடம்பில் பலம் போன அன்றே ஜோன்ஸ் உன்னை அடிமாட்டுக்காரனுக்கு விற்றுவிடுவான் என்று முதல் அத்தியாயத்திலேயே மேஜர் சொல்கிறான். நெப்போலியன் அதையேதான் செய்தான். பல் போன கிழ நாய்களின் கழுத்தில் செங்கல்லைக் கட்டிக் குளத்தில் மூழ்கடித்தவன் ஜோன்ஸ். இதை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை?

"அவன் ஒரு காலத்தில் திறமையான விவசாயி, வழக்கில் பணத்தை இழந்து மனமுடைந்து குடிக்கத் தொடங்கியவன்" என்று எனக்குப் பதிலாக ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, நாவலில் அப்படித்தான் இருக்கிறது. அவன் துயரத்துக்குப் பசுக்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

"ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று பயமுறுத்துவது ஸ்க்வீலரின் வேலை, நீங்களும் அதையே செய்கிறீர்கள்" என்றார் இன்னொருவர். இது என்னை உண்மையிலேயே காயப்படுத்தியது. ஸ்க்வீலர் நெப்போலியனுக்காகப் பேசித் திரியும் பன்றி. அவன் பாலையும் ஆப்பிளையும் பன்றிகளே விழுங்குவதை நியாயப்படுத்த அந்தப் பயத்தைப் பயன்படுத்தினான். பயம் அவன் கட்டிவிட்டது அல்ல. அது அந்தப் பிராணிகளின் முதுகில் இருந்தது. இருந்ததால்தான் அவனால் அதை விற்க முடிந்தது.

நாவல் ரஷ்யப் புரட்சியைப் பற்றிய உருவகக் கதை, அதில் ஜோன்ஸ் என்பது ரஷ்யாவின் ஜார் மன்னன் இரண்டாம் நிக்கோலஸ், அவரைக் குழந்தைகளோடு சுட்டுக் கொன்றார்களே என்கிறார்கள். 1918 ஜூலையில் யெக்கடரின்பர்க் வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது கொலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 1905 ஜனவரியில் சாமி படங்களை ஏந்திக்கொண்டு ஜாரிடம் மனுக் கொடுக்கப் போன தொழிலாளர்களைச் சுட்டதும் கொலைதான். அவர்களுக்காக யார் உருகினார்கள்? நாவலில் ஜோன்ஸை ஆர்வெல் சுட்டுக் கொல்லவில்லை. எங்கோ ஒரு குடிநோயாளிகள் இல்லத்தில் செத்துப்போனான் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

எல்லாம் தெரிந்த கழுதை பெஞ்சமின்கூட ஜோன்ஸ் காலம் மேல் என்று சொல்லவில்லை. அன்றும் இன்றும் பசிதான், பாடுதான் என்றது. மற்ற பிராணிகளுக்குப் பழையதே மறந்துவிட்டது. அவற்றுக்கு மறந்துபோனதை நாம் பொற்காலம் என்கிறோம்.

கடைசியாக ஒருவர், "ஜோன்ஸ் கோழிகளின் தீவனத்தில் பால் கலந்து கொடுத்தாரே" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், ஒரு கோழி அப்படிச் சொல்கிறது. சில சமயம் கலந்தான் என்கிறது. இதைப் படித்ததும் எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது.

அப்பா ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். முதலாளி பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி கொடுப்பார். களத்தில் காயும் நெல் மழையில் நனைந்தால் எல்லோர் கூலியிலும் பிடிப்பார். ஒருநாள் பெல்ட்டில் சிக்கி அப்பாவின் வலது கைச் சுட்டுவிரல் பாதி போனது. அன்று மதியத்தோடு வீட்டுக்குப் போனதால் அரைநாள் கூலிதான் கொடுத்தார்கள். பிறகு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவர் அப்பாவோடு மூட்டை தூக்கி மேஸ்திரி ஆனவர். அவர் வேட்டியையும் நிறுத்தினார். பழைய முதலாளி இறந்தபோது துக்க வீட்டில் எல்லோரும் "தங்கமான மனிதர், வேட்டி கொடுப்பாரே" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அந்தப் பாதி விரலைப் பார்த்தபடி, "வேட்டி கொடுத்தது உண்மைதான்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிறு இரவு கூட்டம் முடிந்து வந்து, மனம் ஆறாமல், முதல் இரண்டு அத்தியாயங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். கதவைப் பசு உடைத்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தார். சாட்டைகள் எரிகிற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன்.