கிண்டியில் பதிந்த வணிகக்குறி எல்லா நாடுகளிலும் செல்லாது

"இந்தியா மாட்ரிட் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், கிண்டியில் பதிந்த வணிகக்குறி உலகம் முழுவதும் செல்லும், வேறு கட்டணம் தேவையில்லை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி, சென்னைச் சிறுதொழில் முனைவோர் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. சென்னை கிண்டியிலுள்ள வணிகக்குறிப் பதிவகம் தரும் சான்றிதழ் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 2013 ஜூலை 8 முதல் மாட்ரிட் நெறிமுறை எனும் அந்தப் பன்னாட்டு ஒப்பந்தம் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது என்பது உண்மைதான். ஆனால் அது தருவது, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடும் வசதியை மட்டுமே. கறுப்பு வெள்ளைக் குறிக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்கு. அதற்கு மேல் குறிப்பிடும் நாடுகளுக்கேற்பக் கட்டணம் கூடும். அந்தந்த நாட்டு அலுவலகம் தன் சட்டப்படி ஆராய்ந்து, பாதுகாப்பை மறுக்கவும் செய்யலாம். சர்வதேசப் பதிவான முதல் 5 ஆண்டுகளுக்குள் இங்குள்ள மூலப்பதிவு ரத்தானால், மாட்ரிட் வழியாகக் கிடைத்த வெளிநாட்டுப் பாதுகாப்பும் அதோடு போய்விடும் என்பதை, அந்தச் செய்தியை எழுதியவர் வசதியாக விட்டுவிட்டார்.

சீனா போன்று முதலில் விண்ணப்பித்தவருக்கே பெரும்பாலும் உரிமை தரும் நாடுகளில், நம் மசாலாப் பொடியின் பெயரை அங்குள்ள விநியோகஸ்தரே தன் பெயரில் பதிந்துகொள்ள வாய்ப்புண்டு. இங்கு விண்ணப்பித்த 6 மாதங்களுக்குள் அங்கும் விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கை எனும் பன்னாட்டு ஒப்பந்தப்படி இங்குள்ள தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம்.

ஒரு குறிக்கு எந்தெந்த நாடுகளில் மாட்ரிட் வழியாகப் பாதுகாப்பு உள்ளது என்பதை உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் 'மாட்ரிட் மானிட்டர்' தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அதே குழுவில் இவ்விளக்கத்தையும் இடுங்கள்.