சின்னம்மா எழுதிய சிட்டை

காரைநகர் - யாழ்ப்பாணம் பஸ், போக வர நாலு தரம். பஸ் நிலையத்தில் இருந்து வங்கிக்கு ஓட்டோ, இரண்டு தரம். போட்டோக்கொப்பி 14 பக்கம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. புது டெபிட் காட்டுக்கு வங்கி எடுத்த கட்டணம். மருந்து வாங்குவதற்குப் பக்கத்து வீட்டில் கடனாக மாறிய காசு 6,000, பிறகு திருப்பிக் கொடுத்தாயிற்று.

கோடு போட்ட கொப்பித் தாளில் எங்கள் சின்னம்மா எழுதிய கணக்கு இது. 31 வருடம் கணிதம் படிப்பித்த ரீச்சர். தாளின் மேலே யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கடையின் பெயரை எழுதி, அதன் கீழே "தங்களால் செலுத்தப்பட வேண்டியது" என்று கோடும் இழுத்திருக்கிறா. மாறிய காசு செலவில் சேராது என்பதால் அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்த வரியை அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டா. "அது காசுக் கணக்கில்லை. நான் 70 வயசில போய்க் கை நீட்டின கணக்கு" என்றா.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒரு நாள் நடுச்சாமம் அவவின் போனுக்கு மூன்று எஸ்எம்எஸ் வந்திருக்கின்றன. காலையில்தான் பார்த்தா. எங்கேயோ ஒரு நாட்டில், எங்களுக்குத் தெரியாத இணையக் கடைகளில், அவவின் டெபிட் காட்டில் 38,400 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். அந்த மாதப் பென்சனில் மிஞ்சியது 2,100. காட் சாமியறை லாச்சிக்குள்தான் இருந்தது. பின் நம்பர் யாருக்கும் சொன்னதில்லை. ஓடிபி வரவேயில்லை.

வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "ஆருக்கும் நம்பர் குடுத்தனீங்களோ அம்மா?"

கொடுத்தது நான்தான். இரண்டு மாதத்துக்கு முன், அவவுக்கு முழங்கால் ஏலாமல் இருந்தபோது, யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் இணையப் பக்கத்தில் சாமான் எடுத்துக் கொடுத்தேன். காட் நம்பரை என் கையாலேயே ரைப் பண்ணினேன். அந்தப் பக்கத்தில் இருந்துதான் போயிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். விண்ணப்பம் நிரப்ப உதவிய வங்கி அலுவலர் மெல்லச் சொன்னார்: "அந்தக் கடையில வாங்கின கன பேர் இந்தக் கிழமை வந்திட்டினம்." வங்கிகள் களவு நடந்த இடத்தை இப்படித்தான் கண்டுபிடிக்கின்றன. பாதிக்கப்பட்ட காட்டுகளை வரிசையாக வைத்து, எல்லாக் காட்டும் முன்னர் எந்தக் கடையில் பாவிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே வந்து நிற்கும் ஒரே பெயர்தான் இடம்.

அந்தக் கடை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, ஸ்காபரோவில் இருக்கிறாள். தாயின் பிறந்தநாளுக்கு அவளும் அதே பக்கத்தில் ஒரு சேலையும் கேக்கும் அனுப்பியிருந்தாள், கனடா கிரெடிட் காட்டில். அவளுடைய காட்டிலும் கை வைத்தார்கள். அவளுக்கு வங்கியே அழைப்பு எடுத்து, "இது நீங்கள் செய்ததா?" என்று கேட்டது. இல்லை என்றாள். நாலாம் நாள் கணக்குச் சுத்தம், புதுக் காட் இலவசமாகத் தபாலில் வந்தது. கிரெடிட் காட்டில் வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்ததற்கு அவரிடம் 50 டொலருக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அங்கே சட்டம். பெரும்பாலான வங்கிகள் அந்த ஐம்பதையும் கேட்பதில்லை.

தாய்க்குக் காசு திரும்பி வர 83 நாள் எடுத்தது.

ஒரே கடை, ஒரே ஓட்டை. மகளின் காட்டில் போனது வங்கியின் பணம், அதனால் வங்கி ஓடியது. தாயின் காட்டில் போனது தாயின் பணம், அதனால் தாய் ஓடினா. டெபிட் காட்டுக்கும் கிரெடிட் காட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எங்கள் ஊரில் எத்தனை பென்சன்காரருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"காசுதான் வந்திட்டுதே, இன்னும் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். அந்தக் காசு யாரிடமிருந்து வந்தது என்று தெரியுமா? எனக்கே இது விளங்க ஒரு மாதம் எடுத்தது. கள்ளன் ஓடிபி கேட்காத ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் சப்பாத்து வாங்கினான் என்று வையுங்கள். சின்னம்மாவின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்காட் வழியாக, அந்தச் சப்பாத்துக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். அந்த வங்கி சப்பாத்துக் கடைக்காரனின் கணக்கில் இருந்து எடுக்கும். அவனுக்குச் சப்பாத்தும் போச்சு, காசும் போச்சு. அவன் ஓடிபி கேட்டிருந்தால், நட்டம் பெரும்பாலும் காட் கொடுத்த வங்கியின் தலையில் விழும். இந்தச் சுற்று முழுவதையும் தேடிப் பாருங்கள், நம்பரைக் களவு கொடுத்த யாழ்ப்பாணத்துக் கடை அதில் எங்கேயும் இல்லை. அங்கே காசு வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. காட் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு விதிகளை மீறிய கடைக்கு அதன் வங்கி வழியாகத் தண்டம் போடலாம். அதற்கு முதலில் யாராவது அந்தக் கடையைப் போய்ச் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 கடைசியில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். குளிரூட்டி வேலை செய்து கொடுத்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் களவெடுத்து உள்ளே போய், கடைகளின் காட் மெஷின்களுக்குள்ளேயே வேவு நிரலை வைத்தார்கள். மூன்று கிழமைக்குள் 4 கோடி காட் நம்பர்கள் போயின. எச்சரிக்கை மணி அடித்தும் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிய வந்தது. 2015இல் வாடிக்கையாளர்களின் வழக்கைத் தீர்க்க அந்த நிறுவனம் ஒதுக்கியது 1 கோடி டொலர். காட் ஒன்றுக்குக் கால் டொலர். அதிலும் நட்டத்துக்கு ஆவணம் காட்டியவர்களுக்கே முதலிடம். நாலு பஸ் பயணத்துக்கு யார் ஆவணம் வைத்திருப்பார்?

டார்கெட்டின் தலைமையகம் இருப்பது மினசோட்டா மாநிலத்தில். அந்த மாநிலம் 2007இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தது: வைத்திருக்கக் கூடாத காட் விபரத்தை ஒரு கடை வைத்திருந்து, அது களவு போனால், காட்டுகளை மாற்றும் செலவை வங்கிகளுக்கு அந்தக் கடையே கொடுக்க வேண்டும். 2014 டிசம்பரில் நீதிமன்றம் வங்கிகளின் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. அடுத்த வருடமே 3.9 கோடி டொலர் தருவதாக டார்கெட் உடன்பட்டது. வைத்திருந்தவன் கட்டவேண்டும் என்று தெளிவாக எழுதினால் கட்ட வைக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தச் சட்டமும் வங்கியைத்தான் நினைத்தது, சின்னம்மாவை இல்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். களவெடுத்தவனைத் தண்டிக்க 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம் இருக்கிறது. அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ! கடைக்காரரைக் கேள்வி கேட்கக்கூடிய சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். தள்ளிப் போட்டார்கள். அதில் தண்டப் பணம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் தண்டம் அரசாங்கத்துக்குப் போகிற காசு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2018இல் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விபரங்களைப் பறிகொடுத்ததற்கு 2020இல் 2 கோடி பவுண் தண்டம் கட்டியதே, அதுவும் பிரித்தானியத் திறைசேரிக்குத்தான் போனது.

இன்னொருத்தியும் இதற்கு விலை கொடுத்தாள். அந்தக் கடையின் கவுண்டரில் நின்ற பிள்ளை. முறைப்பாடுகள் வரத் தொடங்கியதும் முதலாளிக்கு முதல் சந்தேகம் அவளில்தான். இரண்டு கிழமை சம்பளம் இல்லாமல் வீட்டில் நிற்கச் சொன்னார்கள். எங்கள் சனத்துக்கு இந்தக் கதை புதிதில்லை. "கள்ளமட்டை", அதாவது மோசடிக் காட், என்ற சொல்லே புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் வாயில் பிறந்ததுதான். 2006இல் பிரித்தானியாவில் காட் மெஷின்களைத் திருத்தி நம்பர் களவெடுத்ததால், ஷெல் நிறுவனம் 600 பெற்றோல் நிலையங்களில் பின் நம்பர் முறையையே நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில் இரவு வேலைக்குப் பெற்றோல் நிலையக் கவுண்டரில் நின்ற எத்தனை நேர்மையான பொடியள், ஒரு குற்றமும் செய்யாமல் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள்! இங்கே பழுது இணையப் பக்கத்தில் என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போன சம்பளத்தைக் கொடுக்கவில்லை.

கடைக்காரர் பக்கமும் எனக்குத் தெரியும். சண்டை, இடப்பெயர்வு, கொரோனா, 2022இல் டீசலும் கரண்டும் இல்லாத காலம் எல்லாம் தாண்டி நிற்கிறவர்கள். ஒரு களவுக்கு அவர்களே முழு நட்டமும் கட்டினால் கடையைப் பூட்ட வேண்டிவரும் என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு என் பதில் இதுதான்: அப்படியானால் வைத்திருக்காதீர்கள். காட் நம்பரை வங்கியின் கொடுப்பனவுப் பக்கத்திலேயே வாடிக்கையாளர் அடிக்கும்படி செய்யலாம், நம்பர் உங்கள் கணினிக்குள் வரவே வேண்டியதில்லை. காட்டின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தைப் பணம் எடுத்த பிறகு எந்தக் கடையும் வைத்திருக்கக் கூடாது என்பது காட் நிறுவனங்களின் விதி. இங்கே என்ன நடக்கிறது? "காட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைபரில அனுப்புங்கோ" என்று கேட்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். அந்தப் படங்கள் யாரோ ஒருவரின் போனில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன.

மத்திய வங்கியிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, டெபிட் காட்டில் பிழை என்று வாடிக்கையாளர் அறிவித்து, 10 வேலை நாளுக்குள் விசாரணை முடியாவிட்டால், வங்கி அந்தக் காசைத் தற்காலிகமாகக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் விசாரணையைத் தொடரலாம். அதை இங்கேயும் கட்டாயமாக்குங்கள். காத்திருக்கிற பாரத்தை வங்கி தாங்கட்டும், வங்கிக்குத் தாங்க வலு இருக்கிறது. பிறகு வங்கி தன் சட்டத்தரணிகளோடு போய், நம்பரைப் பறிகொடுத்த கடையிடம் கேட்கட்டும். காரைநகரில் இருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்கிற வேலையைச் சின்னம்மாவிடம் விடாதீர்கள். இப்படி அகப்பட்டவர்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் இழுபட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுங்கள். எங்களுக்கு 60ஆம் நாள்தான் அந்த நம்பர் தெரிய வந்தது.

போன செவ்வாய்க்கிழமை சின்னம்மாவோடு கடைக்குப் போனேன். முதலாளி தாளை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு லாச்சியைத் திறந்து, 5,000 ரூபாய்க்குச் சாமான் எடுக்கலாம் என்று ஒரு பரிசுக் கூப்பனை நீட்டினார். சின்னம்மா வாங்கவில்லை. "தம்பி, நான் அன்பளிப்புக் கேட்டு வரேல்லை. கூட்டிப் பாருங்கோ, கணக்குப் பிழையெண்டால் சொல்லுங்கோ" என்றா. அவர் கூட்டிப் பார்க்கவில்லை. தாளை மடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வீதியில் நின்றபோது அவா என்னிடம் கேட்டா, "கொப்பி எடுத்து வைச்சனி தானே?"

எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைய பஸ் காசையும் அதில் சேர்த்து எழுதச் சொன்னா.