நானும் அந்தப் பிள்ளையின் அப்பாதான்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஒரு அப்பா எழுந்து, பிள்ளையைப் பற்றி சோசல் வேர்க்கர் விசாரித்தால் பிரிந்திருக்கும் அப்பாவுக்கும் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சிச் சபையில் இருந்து வந்தவர், "பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவருக்குச் சொன்னால் போதும்" என்றார். முன்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

போதாது. இங்கிலாந்துச் சட்டப்படியே போதாது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் பெற்றோர் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது, பிள்ளை விஷயத்தில் பெற்றோருக்குள்ள உரிமையும் கடமையும் அது. தாயை மணமுடித்த தகப்பனுக்கு அது பிள்ளை பிறக்கும்போதே வந்துவிடும், விவாகரத்தோடு போகாது. மணமுடிக்காதவர் என்றாலும், 2003 டிசம்பர் 1 முதல் தாயோடு சேர்ந்து பிறப்புப் பதிவில் தன் பெயரையும் போட்டிருந்தால் அவருக்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு இது விளங்குகிறது, ரிப்போர்ட் இரண்டு வீட்டுக்கும் வருகிறது. கவுன்சிலுக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை?

போன வருஷம் பெற்றோர் சந்திப்பு. பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். மகளின் கணக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த ஆசிரியை, "அந்த அசெஸ்மென்ட் முடிந்த பிறகு நன்றாகத் தேறிவிட்டாள்" என்றார். எந்த அசெஸ்மென்ட் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. மகள் இரவில் தனியாக இருக்கிறாள் என்று பள்ளிக்கூடம் அறிவித்து, சோசல் வேர்க்கர் வந்து விசாரித்து, ஃபைலையும் மூடி ஏழு மாதமாகியிருந்தது.

அவளுடைய அம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கெயார் ஹோமில் இரவு வேலை. துணைக்கு வருவதாகச் சொன்னவர் வராமல் போன இரவுகள் அவை. ஆனால் என் வீடு பஸ்ஸில் இருபது நிமிடம். ஒரு ஃபோன் வந்திருந்தால் போய்க் கூட்டிவந்திருப்பேன். எட்டு வயசுப் பிள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு முழித்திருந்திருக்கிறாள். நான் நித்திரை கொண்டிருக்கிறேன்.

"அடிக்கிற அப்பாமாரும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். வோக்கிங்கில் 2023இல் பத்து வயசு சாரா ஷரீஃபின் கொலைக்குத் தண்டனை பெற்றவர்களில் பெற்ற தகப்பனும் ஒருவர். அப்படி ஆபத்து என்றால் மறைக்கட்டும், காரணத்தை எழுதிவைத்துவிட்டு மறைக்கட்டும். நானே ஆதரிப்பேன். என் விஷயத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. இவன் ஆபத்தானவனா என்றுகூட யாரும் யோசிக்கவில்லை. இப்படி ஒருவன் இருக்கிறான் என்றே யோசிக்கவில்லை.

"அம்மா சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். பிரிந்த இரண்டு பேர் எப்படிக் கதைத்துக்கொள்வார்கள் என்பது பிரியாதவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் கவுன்சில் சொல்ல வேண்டும் என்கிறேன். தரவுப் பாதுகாப்பு என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என் பிள்ளையின் பாதுகாப்பைத்தான் நான் கேட்கிறேன்.

அந்த ஃபைலைக் கேட்டு கவுன்சிலுக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் தர வேண்டியது, மூன்றாம் மாதம் வந்தது. பாதிப் பக்கங்கள் கறுப்படித்திருந்தன. கறுப்படிக்காமல் விட்ட ஒரு வரி: "தந்தை தொடர்பில் இல்லை."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்றேகால் மணிக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன். மழையோ பனியோ, நிற்கிறேன். பிள்ளைகளை ரோடு கடக்க வைக்கும் அம்மாவுக்கு என் பெயர் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதுமே. கவுன்சில் டாக்ஸ் கடிதம் மட்டும் என் பெயருக்கு, என் விலாசத்துக்குத் தவறாமல் வருகிறது.

இதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதினால் மானம் போகாதா என்று அண்ணன் கேட்டார். அண்ணா, அது அந்தச் சின்னக் கதிரையிலேயே போய்விட்டது.

முதலில் கவுன்சிலிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். அவர்கள் தட்டிக்கழித்தால், கவுன்சில்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், காசு கட்டத் தேவையில்லை. பிரிந்திருக்கும் பெற்றோருக்குத் தகவல் சொல்லாத கவுன்சில்கள்மீது அங்கே தவறு காணப்பட்டிருக்கிறது. என்னுடையதும் இந்த வாரம் போகிறது. சனிக்கிழமை கேள்வி கேட்டுவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்த தம்பி இதை வாசித்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.