சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்டைப் பூசின புண்ணியவான்களே!

ஒரே ஒரு அலமாரி. ரெண்டடி அகலம், மூணு தட்டு. அதைக் கூடத்துச் சுவத்துல மாட்டணும், அவ்வளவுதான் என் ஆசை. தை மாசம் வாங்கினது. இப்ப புரட்டாசி. இன்னும் தரையிலதான் நிக்குது.

தாத்தா கட்டின வீடு, மயிலாடுதுறை பக்கம், வயசு 90 தாண்டியாச்சு. 6 எம்.எம். பிட்டை மாட்டி ட்ரில்லை வச்சேன். அழுத்தவே இல்லை, புட்டுக்குள்ள விரல் போற மாதிரி போச்சு. வெளியே இழுத்தா பொலபொலன்னு மணல் கொட்டுது. ஸ்க்ரூ பிடிக்கிறதுக்கு வைக்கிற ரால் பிளக்கைச் சொருகினா அது உள்ளே விழுந்து காணாமப் போச்சு. கால் மணி நேரத்துல அந்த ஓட்டையில என் கட்டை விரல் நுழையுது. சுத்தித் தட்டிப் பார்த்தா காலிப் பானை சத்தம். நாலாவது தட்டுல ஒரு முறம் அளவுக்குக் காரை பேந்து தலையில விழுந்துச்சு.

இதுக்கெல்லாம் காரணகர்த்தா யாரு? எங்கப்பா. 1994-ல "சுவர் உதிருதுடா"ன்னு தரையில இருந்து மூணடி உயரத்துக்கு சிமெண்டு பூசி விட்டார். அவரை மட்டும் சொல்லிக் குத்தமில்லை, தெருவே அப்படித்தான் பூசுச்சு. பழைய வீட்டு அஸ்திவாரத்துல ஈரத்தைத் தடுக்க ஒண்ணும் கிடையாது. மண்ணு ஈரம் செங்கல் வழியா ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அதை அப்படியே வெளியே விட்டுரும், காத்துல காஞ்சுரும். சிமெண்டு வாயைப் பொத்திருது. ஈரம் எங்கேய்யா போகும்? மேலேதான் ஏறும். மூணடிக்குக் கீழே இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கு, மூணடிக்கு மேல உப்பு பூத்துப் பொரிஞ்சு கிடக்கு. நான் ட்ரில் போட்டது அங்கேதான்.

இந்த லட்சணத்துல, போன வருசம் ஓதத்துக்குன்னே விக்கிற பெயிண்டைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலு லிட்டர் வாங்கி நானே அடிச்சேன். டப்பாவுல பத்து வருச கேரண்டி. ஐப்பசி மழை ரெண்டு வாரம் பெஞ்சதும் சுவத்துல அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒண்ணை நகத்தால கீறினேன், உள்ளேயிருந்து தண்ணி வழிஞ்சுது. பெயிண்டு உரிஞ்சு பாலேடு மாதிரி கையோட வருது.

சரி, சுண்ணாம்பே பூசுவோம்னு ஹார்டுவேர் கடைக்குப் போனா, "சுண்ணாம்பா? வெத்தலை பாக்குக் கடையில கேளுங்க சார்"ங்கிறான் ஒரு பய. நாலு கடை ஏறி இறங்கி அஞ்சு கிலோ கல் சுண்ணாம்பு பிடிச்சேன். அதை நீத்துறதுக்குப் பிளாஸ்டிக் வாளியில போட்டுத் தண்ணியை ஊத்தினது என் தப்புதான். ஒத்துக்கிறேன். கொதிச்சது பாருங்க, உலை கெட்டது! வாளி ஒரு பக்கமா வளைஞ்சு அடி இளகி, வெள்ளைக் குழம்பு வாசப்படி வரைக்கும் ஓடுச்சு. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. அம்மா திண்ணையில உட்கார்ந்துக்கிட்டே, "பொங்கலுக்கு வெள்ளையடிக்க நாங்க மண் தொட்டியிலதான்டா நீத்துவோம்"ங்கிறாங்க. முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?

இதுக்கு நடுவுல ஆலோசனைக்காரங்க வேற. "சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி ஊத்துங்க, வெல்லம் கரைச்சு ஊத்துங்க, செட்டிநாட்டுல முட்டை வெள்ளைக்கரு போட்டாங்க தெரியுமா?" தெரியும்ப்பா. மஞ்சக்கருவை யார் தின்கிறது, நீ வர்றியா? சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுத்தான் இறுகும். மெல்லிசா ஒரு கை பூசணும், ஈரம் காட்டணும், விடணும், அப்புறம் அடுத்த கை. வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கிற எனக்கு ஒரு சுவரே ஒரு பருவம்.

வர்ற கொத்தனாருங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பாட்டு: "இடிச்சுட்டுக் கட்டிருங்க சார்." ஒருத்தர் மாடிக்கு ஏறினார். ஒழுகுற இடத்தைப் பார்த்துட்டு, "மேல ரெண்டங்குலம் கான்கிரீட் போட்டுட்டா தீர்ந்துச்சு"ன்னார். அடப்பாவி! கீழே இருக்கிறது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை மேல ஓரங்குலத் தடிப்புச் சின்னச் செங்கலை நிறுத்தி, மூலைவாட்டத்துல சுண்ணாம்பு வச்சு அடுக்கினது. அது மேல செங்கல் ஜல்லி, அதுக்கும் மேல தட்டோடு, அதான் தட்டையான சுட்ட ஓடு. ரெண்டங்குலம் கான்கிரீட்னா சதுர அடிக்கு 11 கிலோ. எங்க மாடி 200 சதுர அடி. ரெண்டு டன்னுக்கு மேல தூக்கி அந்தக் கட்டை தலையில வைக்கச் சொல்றார், அதுவும் முனை செல்லரிச்ச கட்டை தலையில. உடைஞ்ச தட்டோட்டை மாத்தி இடுக்குல சுண்ணாம்பு அடைக்கிற வேலைக்கு இவ்வளவு வன்மமா?

கடைசியா, பக்கத்து ஊர்ல ஒரு பெரியவரைப் பிடிச்சேன். வயசு 74. சின்ன வயசுல அவங்கப்பாகூட டெரஸ் போட்டவராம். சுவத்தைத் தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். இடிக்கணும்னு சொல்லவே இல்லை. "முழங்கால் வலி தம்பி, ஏற முடியாது. கீழே ஒரு நாற்காலி போடு, நான் சொல்றேன், நீ ஏறு"ன்னார்.

ஞாயித்துக்கிழமை வர்றார். மண் தொட்டி வாங்கி வச்சிருக்கேன்.