‘பெற்றவளுக்கு ஈடில்லை’ என்று எழுதிய அண்ணாச்சிக்கு

படிப்பகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை இரவு, அன்று பிள்ளைகளுக்குக் காட்டிய படத்தை எதிர்த்து அண்ணாச்சி எழுதிய நீண்ட கண்டனத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். குழுவில் இல்லாதவர்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள் என்பதால் அதை இங்கே மறுபடி எடுத்து எழுதவில்லை. பெயரையும் சொல்லப்போவதில்லை. குழுவிலேயே பதில் எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: எழுதத் தொடங்கினேன், ‘இத்துடன் முடித்துக்கொள்வோம்’ என்று நிர்வாகி குழுவைப் பூட்டிவிட்டார். அண்ணாச்சி எழுதி முடிக்கும்வரை திறந்திருந்த குழு எனக்கு மட்டும் பூட்டிக்கொண்டது தற்செயல் என்றே நம்ப முயல்கிறேன்.

பிள்ளைகளுக்குத் திரையிட்ட படம் ‘தி வைல்ட் ரோபோ’. பீட்டர் பிரவுன் 2016இல் எழுதிய சிறுவர் நாவலைக் கொண்டு கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கி, 2024இல் வெளிவந்த இயங்குபடம். தாய்மையை ஓர் எந்திரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் இந்தப் படத்தைக் காட்டியது தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்கு என்றும், பெற்றவளுக்கு ஈடாக வேறு எதையும் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்றும் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில், தேநீர் முடிந்ததும், அவர் எழுந்து போனதை நான் மட்டுமல்ல, பின்வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். முழுப் படத்தையும் பார்த்தவர்களுக்கு வராத இவ்வளவு தெளிவு கால் மணி நேரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது பெரிய வரம்தான்.

அவர் பார்க்காமல் போன பகுதியைச் சொல்கிறேன். புயலில் கப்பல் சரக்கோடு சிதறி, மனிதர் இல்லாத தீவில் கரையொதுங்குகிறது ரோஸ் என்ற வேலைக்கார ரோபோ. கரடிக்குத் தப்பி ஓடும்போது தவறி ஒரு வாத்துக் கூட்டின் மேல் விழுகிறது. எஞ்சுவது ஒரே ஒரு முட்டை. அதிலிருந்து வரும் குஞ்சு கண்ணைத் திறந்ததும் ரோஸைத்தான் பார்க்கிறது, அதன் பின்னாலேயே நடக்கிறது. தின்னவும் நீந்தவும் பறக்கவும் கற்றுக்கொடுத்து, குளிர்காலத்துக்கு முன்னால் அதை வலசைக்கு அனுப்பியாக வேண்டும். ரோஸுக்கு முதலில் இது முடித்துக்கொடுக்க வேண்டிய வேலை மட்டுமே. தாயாக இருக்கத் தனக்குள் எந்த நிரலும் இல்லை என்று அது பல குட்டிகளைப் பெற்ற ஒப்போசம் என்ற சிறு விலங்கு ஒன்றிடம் சொல்கிறது. யாருக்குமே இல்லை, போகிறபோக்கில் கற்றுக்கொள்வதுதான் என்ற பொருளில் பதில் வருகிறது. பெற்றவள் ஒருத்தி வாயிலிருந்து வருகிற அந்தப் பதில்தான் இந்தப் படம். எந்திரம் தாயாகிவிட்டது என்று படம் எங்கும் கொண்டாடவில்லை. வளர்ப்பது ஒரு வேலை, அந்த வேலையை நாள்தோறும் செய்கிற உயிருக்கு, அல்லது பொருளுக்கு, அதன் பலனாக ஓர் உறவு கிடைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

இதில் வாத்துக் குஞ்சின் பகுதி கற்பனையும் அன்று. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் காணும் அசைகின்ற ஒன்றைத் தாயென்று மனத்தில் பதித்துக்கொள்வதை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் நடக்க வாத்துக் குஞ்சுகள் வரிசையாக அவர் பின்னால் நடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஹூப்பிங் கிரேன் என்ற அருகிவிட்ட பெரும் நாரையினத்தின் குஞ்சுகளை 2001இல் விஸ்கான்சினிலிருந்து புளோரிடா வரை ஒரு சின்ன விமானத்தின் பின்னால் பறக்கவைத்து வலசைப் பாதையைக் கற்றுக்கொடுத்தார்கள். வளர்த்தவர்கள் தங்கள் மனித உருவம் குஞ்சுகளின் மனத்தில் பதிந்துவிடக் கூடாது என்று வெள்ளை அங்கியால் உடம்பை முழுக்க மறைத்துக்கொண்டு, கையில் நாரைத் தலைப் பொம்மையை மாட்டித் தீனி கொடுத்தார்கள். விமானம் என்ன, பெற்றதா அந்தக் குஞ்சுகளை? தேரூர்க் குளத்துக்கும் சுசீந்திரம் குளத்துக்கும் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற ஊரில் வாழ்கிறோம். 2022இல் அவை உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது பெருமையாகப் பதிவு போட்டவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன. அந்த வழியை அவற்றுக்குக் காட்டியது யார் என்று நம் பிள்ளைகள் கேட்பதற்கு இதைவிட நல்ல தூண்டுதல் எது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பண்பாடு என்கிறார். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், தலைவனோடு போய்விட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் வெயிலில் நடந்து, எதிரே வரும் அந்தணரை நிறுத்தி விசாரிப்பவள் யார்? வளர்த்த செவிலி. சந்தனம் மலையிலே பிறந்தாலும் பூசிக்கொள்பவர்க்கே பயன்படும், முத்தும் அப்படி, யாழின் இசையும் அப்படி, உன் மகளும் உனக்கு அப்படித்தான் என்று அவர்கள் ஆறுதல் சொல்வது பெறாத அந்தத் தாய்க்குத்தான். நீ பெற்றவளா என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. பெருமாள் திருமொழியின் ஏழாம் பத்தில் குலசேகர ஆழ்வார் தேவகியாகிப் புலம்புவதைப் படித்துப் பாருங்கள்: பெற்றும் தாலாட்டக் கொடுத்துவைக்கவில்லையே, பிள்ளை விளையாட்டின் இன்பமெல்லாம் யசோதைக்கல்லவா போய்விட்டது என்று பெற்றவளே அழுகிறாள். ‘பெற்றால்தான் பிள்ளையா’ என்று எம்.ஜி.ஆர். நடித்து 1966இல் படமே வந்தது. இவ்வளவையும் தன்னிடத்தில் வைத்திருக்கும் பண்பாடு ஒரு ரோபோவைப் பார்த்துக் கலங்கிப்போகுமா?

இனி வரப்போகிற கேள்விகள். ஏற்கெனவே கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளிடம் எந்திரத்தை நண்பன் என்று காட்டலாமா என்கிறார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால், ரோஸைத் தயாரித்த நிறுவனம் அதைத் திரும்பக் கொண்டுபோய் அதன் நினைவைக் கறந்துகொள்ளத் துடிப்பதும், தீவிலுள்ள விலங்குகள் எல்லாம் சேர்ந்து அந்த நிறுவனத்தை எதிர்த்து நிற்பதும் கதையின் பிற்பாதியில் வருகின்றன. அதற்குள் எழுந்து போனவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? கவிமணி பிறந்த மண்ணில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பொம்மைப் படம் எதற்கு என்பது அடுத்தது. வெள்ளைப் பசுவையும் கன்றுக்குட்டியையும் பிள்ளைகளுக்குப் பாடிக் கொடுத்த கவிமணியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், ஒரு வாத்துக் குஞ்சைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கை.

கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை தனியாக அனுப்பிய கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் குஞ்சின் குடும்பத்தைக் கொன்றதே ரோஸ்தானே, அதையே தாயாக்கிவிட்டால் குற்றம் கழுவப்பட்டுவிடுமா, அண்ணா? படம் இதை மறைக்கவில்லை. குஞ்சு வளர்ந்து, மற்ற வாத்துகள் மூலம் உண்மையை அறிந்து, ரோஸிடம் கோபித்து விலகுகிறது. கூட்டிலேயே நோஞ்சானாக இருந்த அது இயல்பான வாழ்க்கையில் பிழைத்திருக்காது என்பதும் கதையில் வருகிறது. ஆனால் அது விடையாகிவிடாது என்று அந்தத் தங்கை சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இப்படி ஒரு கேள்வியை எழுப்பிய படத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்கள்.

இவ்வளவு கோபம் ஒரு படத்துக்காகவா என்று நினைப்பீர்கள். என் அம்மை குவைத்தில் மருத்துவமனை வேலையில் இருந்தாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் நாங்கள் படித்தோம், அவளைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். என்னை வளர்த்தது பெரியம்மை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். எனக்குக் காய்ச்சல் என்றால் கண்விழித்தவளும், பொய் சொன்னால் புளியம்விளாறு எடுத்தவளும் அவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையில் அவள் போட்ட கையெழுத்து செல்லாது என்றார்கள். பெற்றோரோ ஆண் காப்பாளரோ வேண்டுமாம். என் பாடம் என்ன, வகுப்பு என்ன என்றுகூடத் தெரியாத மாமா வந்து கையெழுத்திட்டார். அப்போது எனக்குப் புரியவில்லை, அவள் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

அவள் இறந்த அன்று நான் வெளியூரிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குவதற்குள், எங்கள் ஊர் முக்கில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. தம்பிமார் பெயர், தம்பிமாரின் ஆண்பிள்ளைகள் பெயர், அவர்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் பெயர் எல்லாம் இருந்தன. ‘மற்றும் சகோதரி மக்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் நான் இருந்தேன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ‘முறை அப்படித்தானே மக்களே’ என்று அச்சுக்குக் கொடுத்த பெரியவர் அன்பாகத்தான் சொன்னார். அண்ணாச்சியின் பதிவைப் படித்தபோது எனக்கு அந்த ‘முறை’தான் காதில் விழுந்தது. பெற்றவளுக்கு ஈடில்லை என்று எழுதுவது எளிது, கேட்கவும் இனிது. அது வளர்த்தவளின் பெயரைச் சுவரொட்டியிலிருந்தும் மதிப்பெண் அட்டையிலிருந்தும் எடுத்துவிடும் வேலையையும் சேர்த்தே செய்கிறது.

இந்தக் குமரி மாவட்டத்தில் இப்படி வளர்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா? வளைகுடா வேலைக்குப் போன அம்மையும் அப்பனும் விட்டுப்போனதால் ஆச்சி வீட்டில் வளர்கிறவர்கள், 2017இல் ஒக்கிப் புயலில் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மாமன் வீட்டில் இருப்பவர்கள், யாரோ தத்தெடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை வளர்க்கிறவர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அவர்களும் அந்தப் பதிவைப் படித்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பதில் எழுதாமல் இருந்து அவர்களுக்குப் பழகிவிட்டது.

இனிமேல் படங்களைத் தேர்ந்தெடுக்க மூத்தோர் குழு ஒன்று வேண்டும் என்று ஒரு யோசனை ஓடுவதாகக் கேள்வி. அதில் என் பெயரையும் சேர்க்கலாம் என்கிறார்களாம். வேண்டாம். தேர்வுக்குழுவே வேண்டாம், படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் படத்தைப் பற்றிப் பேசலாம் என்ற ஒரு விதியை மட்டும் அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப்போகிறேன். அண்ணாச்சியின் வயதுக்கு மரியாதை கொடுங்கள் என்று பின்னூட்டத்தில் எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மரியாதை கொடுத்ததால்தான் அவர் பெயர் இந்தப் பதிவில் இல்லை.