டூர் போன இடத்திலும் அடுப்படியா என்று கேட்பவர்களுக்கு

தாய்லாந்தில் குடும்பத்தோடு சமையல் வகுப்புக்குப் போனோம் என்று சொன்னால் தோழிகள் முதலில் கேட்பது, "டூர் போன இடத்திலும் அடுப்படியா?" என்றுதான். வருஷம் முழுக்க மூன்று வேளையும் சமைக்கிறவர்களின் அலுப்பு அது, எனக்கும் உண்டு. இருந்தாலும் குழந்தைகள், பெரியவர்கள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு தாய்லாந்து போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: யானைச் சவாரியும் வேண்டாம், புலியோடு போட்டோவும் வேண்டாம். அந்த அரை நாளைச் சமையல் வகுப்புக்குக் கொடுங்கள்.

நாங்கள் போனது சியாங் மாயில். 1296இல் மங்ராய் மன்னர் நிறுவிய ஊர், வட தாய்லாந்தில் இருந்த பழைய லான்னா அரசின் தலைநகரம். சதுர அகழி சூழ்ந்த பழைய நகரத்துக்குள்ளும், ஊருக்கு வெளியே தோட்டங்களிலும் வகுப்புகள் நிறைய நடக்கின்றன. வழக்கமாக விடுதிக்கே வந்து அழைத்துப் போவார்கள். முதலில் சந்தை, அப்புறம் சமையல், சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது.

என் மாமியார் சைவம். தாய்லாந்துச் சாப்பாடு என்றாலே மீன் வாடை என்று பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு வந்தவர். சந்தைக்குள் நுழைந்ததும் அவர்தான் எங்களுக்கு முன்னால் நடந்தார். கொத்துக் கொத்தாகப் பச்சைச் சுண்டைக்காய், வாழைப்பூ, சோற்றுக்கு நீல நிறம் கொடுக்கும் சங்குப்பூ, குவியலாகப் பேரரத்தை. நாம் இருமலுக்குக் கஷாயம் வைக்கும் பேரரத்தையை அங்கே சூப்பில் வட்டம் வட்டமாக நறுக்கிப் போடுகிறார்கள். வற்றல் போடும் சுண்டைக்காய், கிரீன் கறி என்கிற தேங்காய்ப்பால் குழம்பில் பச்சையாகவே விழுகிறது. பேரனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். கோயில்களில் கால் வலிக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டவர் அவர்.

வகுப்பில் ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு வாணலி, ஆளுக்கொரு வெட்டுப்பலகை. என் கணவருக்கும் பத்து வயது மகனுக்கும் அதேதான். யாரும் யாருக்கும் பரிமாறவில்லை, அவரவர் தட்டுக்கு அவரவர்தான் சமைக்க வேண்டும். வீட்டில் அடுப்படி ஒருத்தி தலையில் விழுகிறது, அதனால்தான் அது அலுக்கிறது. நான்கு பேரும் அடுப்பு முன்னால் நிற்கும்போது அந்த அலுப்பு எனக்கு வரவே இல்லை. தோழிகளுக்கு என் பதில் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கறிக்கு விழுது இடித்த நேரம். கல் உரலில் முதலில் மிளகாயும் உப்பும், பிறகு எலுமிச்சைப்புல், பேரரத்தை, மேடுபள்ளமான தோலுள்ள மக்ரூட் என்ற எலுமிச்சையின் தோல், கொத்தமல்லி வேர். நார் உள்ளதெல்லாம் மசிந்த பிறகுதான் சின்ன வெங்காயமும் பூண்டும். ஈரமானதை முன்னாலேயே போட்டால் நார் மசியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மாமியார் இடது கையால் உரலின் வாயை அணைத்து, ஒரு துளி வெளியே தெறிக்காமல் இடித்தார். ஆசிரியை தன் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

அடுத்து கெட்டித் தேங்காய்ப்பால். நாம் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவோம். அங்கே அதைத்தான் முதலில் வாணலியில் விட்டுக் காய்ச்சச் சொன்னார்கள். "திரிஞ்சு போயிடுமேடா, கேளு" என்று மாமியார் பேரனிடம் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் கேட்டான். திரிந்து எண்ணெய் பிரியத்தான் வேண்டும், அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்க வேண்டும் என்றார் ஆசிரியை. ஐம்பது வருஷம் சமைத்தவர் அந்த வாணலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எவ்வளவு என்று கேட்டால் ஆசிரியை அளவு சொல்லவே இல்லை. ருசித்துப் பார், போதாவிட்டால் சேர் என்பார். தட்டில் வைத்ததைச் சாப்பிடு என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அன்று முடிவெடுக்கும் வேலை. பனைவெல்லமா, இன்னொரு எலுமிச்சை மூடியா என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பை நாம் ஏன் வீட்டில் கொடுப்பதில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

சைவக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை, ஆனால் முன்பதிவு செய்யும்போதே விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸை ஊற்றிவிட வாய்ப்பு உண்டு. மீன் சாஸ், இறால் விழுது, சிப்பி சாஸ் மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு உப்பும் சோயா சாஸும் வைத்தே எல்லாம் செய்து காட்டினார்கள். வெளியே சாப்பிடும்போது மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய் மொழியில் எழுதிய கடைகளைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

எல்லா வகுப்பும் ஒன்றல்ல. சில இடங்களில் விழுதை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, காய்களையும் முன்பே நறுக்கி வைத்துவிடுவார்கள். நமக்கு வாணலியில் கொட்டுகிற வேலை மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். விழுதை நாங்களே இடிப்போமா, சந்தைக்குக் கூட்டிப் போவீர்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், குழந்தைக்குத் தனி அடுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். காலை வகுப்பென்றால் விடுதியில் டிபன் சாப்பிடாமல் போங்கள், அங்கே சாப்பிட நிறைய இருக்கும்.