கோன் ஸ்பீக்கர் வானொலி

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் வானொலியான அண்ணா எஃப்.எம்.மின் வரலாறு பற்றி வந்த கட்டுரையில் 2004 பெப்ரவரி 1 என்ற தொடக்க நாளும் 90.4 மெகாஹெர்ட்ஸும் இருக்கின்றன. அதற்கு முந்திய கதைதான் விடுபட்டுவிட்டது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் தரலாம் என்று அரசு முடிவெடுக்க 2002 டிசம்பர் வரை ஆனது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006இல். ஆக, இந்தியாவில் ஊர் மக்களுக்காக அவர்களே பங்கெடுத்து நடத்தும் சமுதாய வானொலிக்கு வழி விட்டதே வளாக வானொலிதான்.

நான் இலங்கையில் மட்டக்களப்பு, வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவன். எங்கள் ‘வானொலி’ ஒரு பழைய அம்பிளிபயரும் மாமரத்தில் கட்டிய கோன் ஸ்பீக்கரும்தான். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். கசட் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுக்கும் வரை அறிவிப்பாளர் வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். ஒருநாள் நண்பன் மைக்கில், “மறுகா என்ன பாட்டுப் போடுவம்?” என்று கேட்டுவிட்டான். ‘மறுகா’ என்றால் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் ‘பிறகு’; யாழ்ப்பாணத்துப் பொடியன்களுக்கு ஒரு வாரம் அதே சிரிப்பு. ஆனால் சமையலறை அக்கா, “இப்பதான் நம்மட ரேடியோ மாதிரிக் கிடக்கு” என்றார்.

அதனால்தான் அண்ணா எஃப்.எம்.மில் சுற்றுவட்டாரப் பெண்களே நிகழ்ச்சி செய்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டுரையில் அது ஒரே வரி. அது மாதிரிச் சின்ன வலு எஃப்.எம். ஒன்று எங்கள் வளாகத்தில் இருந்தாலே போதும்; எங்கள் பக்கம் மலை மறைப்பு இல்லாத சமதரை என்பதால் பக்கத்து ஊர்களான செங்கலடி, ஏறாவூர் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.